நூறு வீதம் காட்டுகிறது, ஆனால் நிற்பதில்லையே! மடிக்கணினி பெட்டரியைக் கோடு போட்டுப் பார்ப்போம்

நலன்புரி அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளில் அண்மைக்காலமாகப் புதிதாக ஒன்று சேர்ந்துள்ளது. முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ், கூரைத் தகரம், பிள்ளை மடுவத்துக் காரியம், சேமலாப நிதிப் பத்திரம் என்றுதான் வருவார்கள். இப்போது சில தாய்மார் தோளில் ஒரு கறுப்புப் பையோடு வருகிறார்கள். பைக்குள்ளே மகனுடைய அல்லது மகளுடைய மடிக்கணினி.

"ஐயா, நூறு காட்டுதுங்க. சார்ஜர கழட்டுனா முக்கா மணித்தியாலத்துல பொசுக்குனு அணைஞ்சி போகுது. வித்தவரு பெட்டரி நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாரு. டவுன்ல இன்னொரு கடையில கேட்டா மாத்தணும்ங்கிறாரு. யாரு சொல்றது நெசம்?"

கேள்வி நியாயமானது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் படிப்பு போனுக்குள்ளே போனதிலிருந்து லயத்துக் காம்பிராக்களில் இந்தச் சாமான்கள் கூடிவிட்டன. உயர்தரம் படிக்கும் பிள்ளை, கம்பியூட்டர் கோர்ஸ் படிக்கும் பிள்ளை, பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளை என்று தேவையும் கூடியிருக்கிறது. பெரும்பாலும் பழைய மெஷின்தான். தீபாவளி முற்பணம், சீட்டுக்காசு, கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பிய பணம் என்று பல இடத்துக் காசு ஒன்று சேர்ந்து வாங்கியது. பழைய மடிக்கணினியில் முதலில் தேய்வது பெட்டரிதான். அதைச் சரியா பிழையா என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்றும், பென்சிலும், நேரம் பார்க்க ஒரு மணிக்கூடும் போதும்.

கார் பெட்டரியில் டீ.வி. பார்த்த காலம்

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இந்த விடயம் ஒன்றும் புதிதல்ல. லயங்களுக்குக் கரண்டு வராத காலத்தில் கார் பெட்டரி ஒன்றை வைத்துக் கறுப்பு வெள்ளை டீ.வி. பார்த்தோம். வாரத்துக்கு ஒருமுறை அதைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவோம். ஞாயிற்றுக்கிழமை படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் படம் நாலு பக்கத்திலிருந்தும் சுருங்க ஆரம்பித்தால், பெட்டரி இறங்குகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதுப் பெட்டரி வாரம் முழுக்க நிற்கும். இரண்டு மூன்று வருடம் போனால் அதே பெட்டரி, அதே சார்ஜ் காசு, ஆனால் புதன்கிழமையே படம் சுருங்கிவிடும். அதைத்தான் தேய்மானம் என்கிறோம்.

மடிக்கணினியில் படம் சுருங்காது. அதற்குப் பதிலாக மூலையில் ஒரு வீதக் கணக்கைக் காட்டுகிறார்கள். அந்த இலக்கத்தை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம்.

தண்ணித் தாங்கியும் பீலியும்

மலைக்கு மேலே இருக்கும் தண்ணித் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிய புதிதில் ஆயிரம் லீற்றர் பிடித்தது. பல வருடமாகக் கழுவாமல் விட்டால் அடியில் மண் சேர்ந்து பாதியை அடைத்துவிடும். இப்போதும் தாங்கி வாய் வரைக்கும் தண்ணீர் நிற்கிறது. எட்டிப் பார்க்கிறவர் "தாங்கி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்லுவார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் உள்ளே இருப்பது ஐந்நூறு லீற்றர்தான். மடிக்கணினி காட்டும் 100 வீதமும் இப்படிப்பட்டதே. இன்றைக்கு இந்தப் பெட்டரி பிடிக்கக்கூடிய அளவில் நூற்றுக்கு நூறு என்பதுதான் அதன் பொருள். புதிதாக இருந்தபோது பிடித்த அளவில் அல்ல.

இரண்டாவது கோளாறு குழாயில் வருவது. தாங்கியில் தண்ணீர் இருந்தும், குழாய்க்குள்ளே பாசியும் மண்ணும் படிந்திருந்தால் பீலியில் ஒருவர் பிடிக்கும்போது ஓரளவு வரும். பக்கத்துப் பீலியையும் திறந்தால் இரண்டிலும் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். பெட்டரிக்குள்ளேயும் இப்படி ஒரு தடை இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இதை அகத்தடை என்பார்கள். பெட்டரி பழையதாக ஆக அகத்தடை கூடும். கொஞ்சமாகக் கேட்டால் கொடுக்கும், அதிகமாகக் கேட்டால் மூச்சு வாங்கும்.

உள்ளே நடப்பது என்ன? இப்போதைய மடிக்கணினி, போன் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயன் பெட்டரி. 1991 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிபோட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. பெட்டரியின் ஒரு பக்கத்தில் லித்தியம் கலந்த உலோக ஒட்சைட்டு, மறுபக்கத்தில் பெரும்பாலும் காரீயம். பென்சிலுக்குள் இருக்கிற அதே காரீயம்தான். நமது சபரகமுவா மாகாணத்திலேயே கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில் தோண்டி எடுக்கிறார்களே, அந்த இனம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் துகள்கள் காரீயத்துக்குள் போய் உட்காருகின்றன. பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் கொஞ்சம் லித்தியம் காரீயத்தின் மேலே படலமாக ஒட்டிக்கொண்டு திரும்பாமல் நின்றுவிடுகிறது. அந்தப் படலம் தடிக்கத் தடிக்கத் தாங்கியும் சிறிதாகிறது, குழாயும் அடைபடுகிறது. இதைக் கழுவி எடுக்க முடியாது. "பழைய பெட்டரியைப் புதுசாக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், காசு கொடுக்கு முன்னர் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டரியின் கணக்கு

பெட்டரியின் முதுகில் ஒட்டிய கடதாசியைப் பாருங்கள். 11.1 வோல்ட், 4400 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் 11.1 ஐ 4.4 ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 49 வாட் மணி வரும். இதுதான் தாங்கியின் கொள்ளளவு. சில பெட்டரிகளில் வாட் மணியையே நேராகப் போட்டிருப்பார்கள்.

சாதாரணமாக எழுத்து வேலை, பாடம் பார்ப்பது என்றால் ஒரு மடிக்கணினி 10 முதல் 15 வாட் வரை குடிக்கும். 12 வாட் என்று வைத்துக்கொண்டால் 49 ஐ 12 ஆல் பிரிக்க நான்கு மணித்தியாலம். இது புதுப் பெட்டரிக்கு. பாதி தேய்ந்ததற்கு இரண்டு மணித்தியாலம். பிள்ளை கேம் விளையாடினால் 40 வாட்டுக்கு மேலும் போகும். அப்போது புதுப் பெட்டரியே ஒரு மணித்தியாலம் சொச்சந்தான் தாங்கும். ஆகவே "என்ன வேலை செய்யும்போது எவ்வளவு நேரம் நின்றது" என்று கேட்காமல் பெட்டரியைக் குறை சொல்லக் கூடாது. சில வீடுகளில் பெட்டரியில் பிழையில்லை. இரவில் போர்வைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விடயம்.

கொப்பியில் கோடு போடும் முறை

பிள்ளைகள் சாதாரண தரக் கணிதத்தில் வரைபு கீறுவார்கள். இதுவும் ஒரு வரைபுதான், மின்னிறக்க வரைபு என்று பெயர். கிடையாக நேரத்தைக் குறியுங்கள், ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிடம். நிலைக்குத்தாக வீதத்தைக் குறியுங்கள், ஒரு கட்டத்துக்குப் பத்து வீதம்.

மடிக்கணினியை 100 வரைக்கும் ஏற்றி, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். வெளிச்சத்தை நடுத்தரத்தில் வையுங்கள். இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு, மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஒரு நீளமான பாட வீடியோவையோ படத்தையோ ஓடவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வீதத்தைப் பார்த்துப் புள்ளி வையுங்கள். தானாக அணையும் வரைக்கும் விடுங்கள். ஐந்து வீதம் அளவில் மெஷின் தானே மூடிக்கொள்வது வழமை, அது பழுதல்ல. பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள்.

இனிக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு நான்கு வீதம் அளவில் ஒரே சீராகச் சரிந்து, நான்கு மணித்தியாலத்தில் அடிக்கு வந்தால் பெட்டரி திடமாக இருக்கிறது.

கோடு சீராகத்தான் சரிகிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஏழு எட்டு வீதம் விழுகிறது, இரண்டரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றால் தாங்கியில் மண் சேர்ந்துவிட்டது. வயதான, ஆனால் நேர்மையான பெட்டரி இது. திடீரென்று காலை வாராது. இரண்டு மணித்தியாலம் போதும் என்ற பிள்ளைக்கு இதை மாற்றத் தேவையில்லை. புதுசு வாங்கும் காசைப் பாஸ் கட்டணத்துக்கும் ரியூசனுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூன்றாவது வடிவம்தான் பிள்ளைகளை அழவைப்பது. 100, 93, 86, 80, 73, 66, 60, 53, 46 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அடுத்த புள்ளி 7. அதற்கடுத்த நிமிடம் திரை கறுத்துவிடும். கோட்டில் மலையிலிருந்து பாறை உருண்ட மாதிரி ஒரு செங்குத்து. தாய்மார் "பொசுக்குனு அணையுது" என்று சொல்வது இதைத்தான். இதற்கு என்ன காரணம் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மடிக்கணினிப் பெட்டரி ஒரே கட்டி அல்ல, பல கலங்களைக் கோத்தது. ஒவ்வொரு கலமும் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் தரும். பாவிக்கத் தொடங்கியதும் சட்டென்று கொஞ்சம் இறங்கி, பிறகு நெடுநேரம் 3.9 இலிருந்து 3.6 வரையில் மெதுவாக நகரும். அநேகமாகச் சமதரை போலத்தான். கடைசியில் 3.4 க்குக் கீழே போனால் கிடுகிடுவென்று 3 வோல்ட் வரைக்கும் விழும். அதற்குக் கீழே இறக்கினால் கலத்துக்குக் கேடு. ஆகையால் பாதுகாப்புக்காக மெஷின் அணைந்துவிடும். கலங்கள் வரிசையில் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒரு கலம் மற்றவற்றை விட முன்னதாகக் களைத்துவிட்டால் போதும், மற்றக் கலங்களில் தெம்பு இருந்தும் எல்லாம் நிற்கத்தான் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடையோடு வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் என்ன செய்வது?

அகத்தடை கூடிய பெட்டரியிலும் இதே விழுக்காடு வரும். உதாரணமாகக் கேட்கும் மின்னோட்டம் 2 அம்பியர், அகத்தடை 0.15 ஓம் என்றால் உள்ளேயே 0.3 வோல்ட் வீணாகும். அது பெரிதல்ல. தேய்ந்து அகத்தடை 0.5 ஓம் ஆகிவிட்டால் ஒரு முழு வோல்ட் உள்ளேயே போய்விடும். இன்னும் பாதிச் சக்தி இருக்கும்போதே வெளியில் தெரியும் வோல்ட் எல்லைக் கோட்டைத் தொட்டுவிடும், மெஷின் அணையும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. அணைந்த மெஷினைப் பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டால் 20, 25 என்று காட்டிக்கொண்டு எழும்பும். கொஞ்சநேரத்தில் மறுபடி விழும். அடைபட்ட பீலியை மூடி வைத்திருந்து திறந்தால் முதலில் வேகமாக வருமே, அதே கதை. இப்படிப்பட்ட பெட்டரியை நம்பி ஒப்படை எழுதக் கூடாது, பரீட்சை எழுதவே கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

நான்காவதாக ஒரு வடிவம் உண்டு. கழற்றிய ஐந்து நிமிடத்தில் 100 இலிருந்து 85 க்கு விழுந்துவிட்டு, பிறகு ஒழுங்காக மெதுவாக இறங்கும். அல்லது 5 இல் வந்து நின்றுகொண்டு அரை மணித்தியாலம் ஓடும். இது பெரும்பாலும் பெட்டரியின் பிழையல்ல, கணக்கின் பிழை. பெட்டரிக்குள்ளே ஒரு சின்னச் சில்லு கணக்கப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருக்கிறது. நெடுநாள் இருப்பு எடுத்துப் பார்க்காவிட்டால் பேரேடும் ஸ்டோரும் ஒத்துவராது. மாதக்கணக்காகச் சார்ஜரைக் கழற்றாமலே பாவிக்கும் மெஷின்களில் இது நடக்கும். ஒருமுறை முழுதாக ஏற்றி, தானாக அணையும்வரை இறக்கி, திரும்ப நிறுத்தாமல் முழுதாக ஏற்றினால் கணக்கு நேராகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாரா வாரம் செய்தால் பெட்டரிதான் தேயும்.

மெஷினே எழுதி வைத்திருக்கும் கணக்கு

விண்டோஸ் 8 உம் அதற்குப் பிந்தியவையும் பெட்டரி அறிக்கை ஒன்றைத் தரும். கட்டளைப் பெட்டியைத் திறந்து 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'பெட்டரி', 'ரிப்போர்ட்' இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். கம்பியூட்டர் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. வருகிற பக்கத்தில் மூன்று வரியைத் தேடுங்கள்: வடிவமைத்த கொள்ளளவு, இப்போதைய முழு ஏற்றக் கொள்ளளவு, எத்தனை சுற்று ஓடியது. முதலாவது 48,840 மில்லி வாட் மணி, இரண்டாவது 29,300 என்றிருந்தால் பெட்டரியில் 60 வீதம்தான் மிச்சம். அதே பக்கத்தில் கடைசிச் சில நாட்களின் இறக்க வரைபும் கீறியிருக்கும். உங்கள் கொப்பி வரைபோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுற்று என்பது மொத்தமாக நூறு வீதம் செலவழிப்பது. இன்றைக்கு 50, நாளைக்கு 50 என்றால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. சாதாரணமாக 300 முதல் 500 சுற்றில் கொள்ளளவு 80 வீதத்துக்கு இறங்கும். தினமும் ஒரு சுற்றுப் பாவிக்கும் பிள்ளையின் பெட்டரி ஒன்றரை வருடத்தில் இந்த நிலைக்கு வந்தால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்த அறிக்கையையும் வேதவாக்காக எடுக்கக் கூடாது. அந்த இலக்கங்கள் பெட்டரியின் சில்லு சொல்வதுதான். மலிவுப் போலிப் பெட்டரிகளில் சில்லே பொய் சொல்லும். கொள்ளளவு இரண்டும் அப்படியே சமம், சுற்று பூச்சியம் என்று காட்டும். கொப்பியில் நீங்கள் கையால் போட்ட கோட்டை யாரும் திருத்த முடியாது. அதனால்தான் அதை முதலில் சொன்னோம்.

பழைய மெஷின் வாங்கும்போது

டவுனில் கடைக்காரர் சார்ஜரைக் குத்தியபடி காட்டினால், கழற்றச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு நம்முடையது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, ஒரு வீடியோவை ஓடவிட்டு, இருபது நிமிடம் நில்லுங்கள். இருபது நிமிடத்தில் 20 வீதம் இறங்கினால் மொத்தம் நூறு நிமிடம் என்று கணக்குப் போடலாம், அதுவும் இடையில் பாறை உருளாவிட்டால். "மூணு மணித்தியாலம் நிக்கும்" என்று சொன்னவர் அப்போது விலையைப் பற்றிப் பேச வருவார். பெட்டரி தேய்ந்திருப்பதற்காக மெஷினையே வேண்டாம் என்று தள்ளத் தேவையில்லை. புதுப் பெட்டரியின் விலையைக் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பெட்டரியை மாற்றுமுன் சார்ஜரைச் சோதியுங்கள். ஒரு தோட்டத்தில் ஒரு தகப்பனார் பாடுபட்டுச் சேர்த்த காசைப் புதுப் பெட்டரியில் போட்டார். அதுவும் பழையதைப் போலவே சீக்கிரம் இறங்கியது. பிறகு பார்த்தால் சார்ஜரின் வயர் கழுத்தில் முறிந்து, ஆட்டினால் பிடிக்கும், விட்டால் விடும். இரவு முழுக்கக் குத்தி வைத்தும் அரைவாசிதான் ஏறியிருக்கிறது. இன்னொரு விடயம்: சில மெஷின்களில் 80 அல்லது 60 வீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதியைத் தயாரித்தவர்களே வைத்திருக்கிறார்கள். 80 க்கு மேல் ஏறாவிட்டால் பழுது என்று ஓடாமல், அந்த வசதி போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுப் பெட்டரி வாங்கினாலும் முதல் வாரத்திலேயே ஒரு வரைபு கீறி, பில்லோடு சேர்த்து வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கப் போகும்போது வாய்ப்பேச்சை விட அந்தக் கடதாசி பேசும்.

நம் பக்கத்துச் சூடும் இடியும்

நுவரெலியாக் குளிர் நமக்கில்லை. இரத்தினபுரிப் பக்கம் வெயில் நாளில் 32 பாகைக்கு மேல் போகும், தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூட. பெட்டரிக்குச் சூடு எதிரி. முழுதாக ஏற்றிய சூடு பெரிய எதிரி. லித்தியம் பெட்டரியைப் பாவிக்காமல் 25 பாகையில் ஒரு வருடம் வைத்தால், 40 வீத ஏற்றத்தில் வைத்தது ஏறத்தாழ 96 வீதக் கொள்ளளவோடு இருக்கும், 100 இல் வைத்தது ஏறத்தாழ 80 க்கு வந்துவிடும். 40 பாகைச் சூட்டில் 100 இல் வைத்தால் 65 அளவுக்கு இறங்கும். அடுப்படிப் பிளக்கில் சார்ஜ் போடுவது, மெத்தையிலும் தலையணையிலும் வைத்துக் காற்றுத் துவாரத்தை அடைப்பது, ஏற்றிக்கொண்டிருக்கும்போது துணியால் மூடுவது எல்லாம் பெட்டரியின் ஆயுளைக் குறைப்பவை. ஒரு பலகைத் துண்டின் மேல் வையுங்கள்.

"மொதல்ல எட்டு மணித்தியாலம் ஏத்தணும்", "முழுசா இறங்குன பொறகுதான் ஏத்தணும்" என்ற பேச்செல்லாம் பழைய நிக்கல் பெட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு 20 க்கும் 80 க்கும் இடையில் இருப்பதே சுகம். அதற்காக நாள் முழுக்க இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. பெட்டரி நமக்காகத்தான். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டு இல்லாதபோது 100 இல் வைத்திருந்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது, அதற்கெல்லாம் யார் முன்கூட்டித் தயாராக இருக்க முடியும்? பரீட்சை நெருங்கும் கிழமையில் நிறைய ஏற்றி வையுங்கள். சும்மா அலுமாரியில் வைக்கும் நாளில் பாதியில் வையுங்கள். அடியோடு இறக்கிவிட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் பிறகு ஏற்றமே எடுக்காமல் போகலாம்.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நம் மலைகளில் பின்னேர இடி எப்படி என்று தெரியும். இடி முழங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டரியில் பாவியுங்கள்.

பெட்டரி வீங்கினால்

இது ஒன்றில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. மேசையில் வைத்தால் மெஷின் ஆடுகிறது, விரல் வைக்கும் பட்டை எழும்பி நிற்கிறது அல்லது அமுங்க மறுக்கிறது, மூடி சரியாக மூடவில்லை, கீழ்த்தட்டுப் பிளந்திருக்கிறது. இவையெல்லாம் உள்ளே பெட்டரி வாயு கட்டி வீங்கியதன் அடையாளங்கள். வரைபு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அந்தப் பெட்டரியின் வேலை முடிந்துவிட்டது. உடனே சார்ஜரைக் கழற்றி, மெஷினை அணைத்து, விறகிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, மழை படாத சீமெந்துத் தரையில் வையுங்கள். அமுக்கவோ, ஊசியால் குத்திக் காற்றை எடுக்கவோ வேண்டாம். குத்தினால் தீப்பிடிக்கும். புகையோ சீறும் சத்தமோ வந்தால் சாமானைக் காப்பாற்றப் போகாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்தப் புகை நஞ்சு. லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பெரிய கம்பனிச் சாமானிலும் இது நடந்திருக்கிறது. 2006 இல் டெல் நிறுவனம் சோனிக் கலங்கள் கொண்ட 41 இலட்சம் மடிக்கணினிப் பெட்டரிகளைத் திருப்பி எடுத்தது. கலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூள் போய்ச் சேர்ந்ததே காரணம். ஆகவே பெயரைப் பார்த்து அலட்சியமாக இருக்க வேண்டாம்.

கழற்றிய பழைய பெட்டரியை அடுப்பில் போடுவதும், தேயிலைக்குள் வீசுவதும், ஓடையில் எறிவதும் கூடாது. புதியதை விற்ற கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். கழற்றக்கூடிய பெட்டரி உள்ள பழைய மெஷின்கள் பல, பெட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும். கரண்டு போனால் அணைந்துவிடும் என்பது மட்டும்தான் குறை. புதியது வாங்கக் காசு சேரும்வரை அப்படிப் பாவிக்கலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியதைச் சேமிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

வரைபு கீறிய கொப்பியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் நாங்களும் சேர்ந்து பார்க்கிறோம். மெஷினைச் சுமந்துகொண்டு வரத் தேவையில்லை, கொப்பி போதும். சம்பள நாளிலும் அதற்கு மறுநாளும் மட்டும் வர வேண்டாம், அந்த இரண்டு நாளும் இங்கே நிற்கவே இடமிருக்காது.